விளக்கு வைத்தபின் ஒரு பக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விடாமுயற்சி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். தலைவர் அவர்கள் அத்தலைப்பை அறிவித்தவுடன், பின்வரிசை இளைஞர் சிலர் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துச் சாய்ந்து அமர்ந்ததை யாம் கவனித்தோம். அவர்கள்மேல் குற்றம் இல்லை. முயலை வென்ற ஆமையையும் சுவரில் ஏறி விழுந்த சிலந்தியையும் பள்ளிப் பருவம் முதற்கொண்டு கேட்டுக் கேட்டுச் செவி புளித்த பொருள் இது. ஆகவே அறிவுரை கூறும் எண்ணம் எமக்கு இல்லை. ஒரு தோல்வியின் கதையையும் ஒரு வெற்றியின் கதையையும் சொல்லிவிட்டு, இவ்வாண்டு நாம் தொடங்கவிருக்கும் ஒரு காரியத்தையும் அறிவித்து அமர்வோம். தோல்வி எம்முடையது, ஆதலின் அதனை முதலில் சொல்லுதல் முறை.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நீங்கள் அறிவீர்கள். அதன் பொறுப்புப் பல ஆண்டுகளாக எம்மிடம் இருந்து வருகின்றது. ஜூன் மாதத்தில், பள்ளிகள் திறந்த புதிதில், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவர். பாய் போதாமல் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்குவோம். ஓணம் விடுமுறை வந்து போனதும் இரவல் பாய்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தீபாவளிக்குப் பின்னர் ஒரே பாய் போதும்; அதிலும் பாதி இடத்தில் எம் புத்தகப் பையும் சாக்குக்கட்டிப் பெட்டியுமே அமர்ந்திருக்கும். மார்கழியில் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்பதைக் கஞ்சிக்கோட்டில் வாழும் உங்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்காற்றை நம்பித்தானே இங்கே 1995இல் காற்றாலைகளை நட்டனர்! அக்காற்று ஒரு நாள் அந்த ஒற்றைப் பாயையும் சுருட்டிக்கொண்டு போகும். வகுப்பும் அத்துடன் சுருண்டுவிடும். மறு ஜூனில் மீண்டும் இரவல் பாய், மீண்டும் வரவேற்புரை, மீண்டும் அ, ஆ, இ, ஈ.

இதில் பெற்றோரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. தந்தைக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. தாயார் பலரும் வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளியிலே மலையாளம், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்றையும் சுமக்கின்றனர். மலையாளம் கற்பது வேண்டும், நன்கு கற்பது வேண்டும் என்பதில் எமக்கு ஐயமே இல்லை. நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி அது. அடுத்த வீட்டு நண்பரின் மொழி அது. தேவிகுளம், பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கும், இங்கே சித்தூர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர்க்கும் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பிழைப்பைத் தேடி இத்தொழிற்பேட்டைக்கு வந்து குடியேறிய நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்தகைய பள்ளிகளில் பயில்வதில்லை. அவர்கள் தமிழ் எழுத்தைக் காண வேண்டுமானால் வாளையாறு கடந்து கோயம்புத்தூர்ப் பேருந்தின் பலகையில்தான் காண வேண்டும்.

இனி ஒரு செய்தி. இதனைச் சபையில் சொல்வதா வேண்டாவா என்று நெடுநேரம் தயங்கினோம். எம் அன்னையார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கின்றோம். வெளியூரில் பணிபுரியும் எம் மகள் சென்ற ஆண்டு விடுப்பில் வந்தபோது அப்பெட்டியைத் திறந்தாள். ஒரு கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எம்மிடம் நீட்டி, “பாட்டி என்ன எழுதியிருக்கிறார்கள்? படித்துக் காட்டுங்கள் அப்பா” என்றாள். அவளுக்கு வயது இருபத்தாறு. தமிழ் பேசுவாள், தமிழில் சண்டையும் போடுவாள்; எழுத்துத் தெரியாது. ஊரார் பிள்ளைகட்கு ஞாயிறுதோறும் பாய் விரித்த யாம் எம் வீட்டுப் பிள்ளைக்கு விரிக்கவில்லை. இரவு ஷிப்டு என்றும், நாளைக்கு ஆகட்டும் என்றும் ஆண்டுகள் போயின. அவள் பிறந்த செய்தி கேட்டு எம் அன்னையார் எழுதிய கடிதம் அது. பேத்தி எழுத்துக் கற்றவுடன் தன் கையால் தமக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இறுதியில் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் மகளுக்குப் படித்துக் காட்டினோம்.

ஆர்வம் எமக்குக் குறைவாக இருந்ததா? இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் ஆர்வம் பொங்கி வழிந்தது. அவ்வாறாயின் எது குறைந்தது என்று ஆராயப் புகுந்தபோதுதான், நெடுநாள் முன்னர் ஒருமுறை படித்த ஒரு நூலை மீண்டும் கையில் எடுத்தோம். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’ அது. முதன்முறை படித்தபோது ஐயரவர்களின் பெருமை மட்டுமே கண்ணில் பட்டது. இம்முறை வேறு சிலரும் கண்ணில் பட்டனர். அவர்களைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு முன்னுரையும்.

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துச் சூரியமூலையில் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர், செல்வர் அல்லர். மகன் தமிழ் கற்க விரும்பியதற்காக அரியலூர், குன்னம், செங்கணம் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். எங்கே தமிழ் கற்பிப்பார் ஒருவர் உண்டோ அங்கே மூட்டை முடிச்சுடன் அக்குடும்பம் செல்லும். பிழைப்புக்காக ஊர் மாறிய நம்மில் எத்தனை பேர் படிப்புக்காக ஊர் மாறியிருப்போம் என்பதைச் சிந்திக்க வேண்டும், யாம் மாறியதில்லை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். ஆசிரியர் 1876இல் மறையும்வரை உடனிருந்து பயின்றார். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். வயது இருபத்தைந்து. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் உலாவும் கோவையும் புராணங்களுமாக அவர் கற்றிருந்தவை மிகப் பல. கைநிறையச் சம்பளமும் ஊரில் மதிப்பும் வந்துவிட்டன. வேறொருவராயின் அங்கேயே நின்றிருப்பர்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை, கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர்கள் என்று முதலியார் வினவ, ஐயரவர்கள் தாம் கற்றவற்றின் பெயர்களை வரிசையாக அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்போ மகிழ்ச்சியோ தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்றே கேட்டுவிட்டார். பிறகு சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் அவற்றைப் படித்ததில்லை. அவற்றைப் பாடம் சொன்ன ஆசிரியரும் இல்லை. தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை நோக்கி நீதிபதி ஒருவர் இவ்வாறு கேட்டால் அவர்க்குச் சினம் வரும். அவருடைய வீட்டுப் பக்கம் மறுபடி போகமாட்டார். ஐயரவர்கள் போனார். முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்கத் தொடங்கினார்.

படித்தால் விளங்கவில்லை. சொல் விளங்கிய இடத்தில் பொருள் விளங்கவில்லை; நச்சினார்க்கினியர் உரையோ, பெயரும் கேட்டறியாத நூல்களிலிருந்து மேற்கோள்களை அள்ளி வீசிற்று. சிந்தாமணி சமண சமயத்துக் காப்பியம். ஐயரவர்களோ சைவ மடத்தில் வளர்ந்த தமிழர். சமண சமயத்து மரபுச் சொற்களுக்குப் பொருள் சொல்வார் எவரும் அவர் சுற்றத்தில் இல்லை. அப்பொழுதுதான் நண்பர் ஒருவர் வாயிலாக, கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்து, அவர்கள் வீட்டைத் தேடிச் சென்றார்.

இவ்விடத்தில்தான் எம் கண் நின்றது. அன்று அவ்வீட்டு வாயிலில் மாக்கோலமும் தோரணமும் பொலிந்தன. இன்று என்ன விசேஷம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்காகக் கொண்டாடுகின்றோம் என்று விடை வந்தது. ஆறு மாத காலமாக அக்குடும்பத்தார் கூடியிருந்து படித்தும் கேட்டும் வந்து, அன்றுதான் நிறைவு செய்தனராம். தமிழ்நாட்டிலே பேராசிரியர்க்கும் கிட்டாத நூல், கதவைத் திறந்தால் ஒரு வணிகர் வீட்டுக் கூடத்தில் பூவும் சந்தனமும் பெற்று வீற்றிருந்தது! அங்கே சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயரவர்களின் ஐயங்களைத் தீர்த்தனர். அவர்கள் பட்டம் பெற்ற புலவர்கள் அல்லர். ஆண்டாண்டாகக் காதால் கேட்டுக் கேட்டு மனத்தில் ஊறவைத்தவர்கள். அக்குடும்பத்துப் பெண்மணியரும் தம் சமயப் பொருளை நன்கு அறிந்திருந்தனர். வேற்றுச் சமயத்தவராகிய ஐயரவர்கள் இவ்வளவு ஆர்வத்துடன் கேட்பதைக் கண்டு, இவர் ஒரு ‘பவ்ய ஜீவன்’, அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர், என்று அவர்கள் போற்றினர்.

சிந்தாமணியின் செய்யுள்கள் 3145. ஆறு மாதத்திற்கு வகுத்தால் நாளொன்றுக்குப் பதினேழு, பதினெட்டுச் செய்யுள். ஒரு வீட்டுக் கூடத்தில், கடையடைத்து வந்தபின், நாள்தோறும் நடக்கக்கூடிய காரியம். அவர்கள் சிந்தாமணியைக் காப்பாற்ற வேண்டும் என்று மாநாடு கூட்டியதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஒரு தமிழாசிரியர் வந்து கதவைத் தட்டுவார் என்று எண்ணியும் படிக்கவில்லை. அவர்கட்கு அது பாராயணம்; நீராடுவதும் உண்பதும் போல ஒரு வழக்கம். அவ்வழக்கம் இல்லாதிருந்தால் ஐயரவர்களின் பேருழைப்புக்கு ஊன்றுகோல் ஏது?

இதனை மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணுவோர்க்கு வேறொரு சான்று தருவோம். சேர வேந்தரைப் பாடும் பதிற்றுப்பத்தை ஐயரவர்கள் 1904இல் பதிப்பித்தார். கேரள மண்ணில் வாழும் நாம் தனி உரிமையோடு நோக்கத்தக்க நூல் அது. பெயருக்கு ஏற்பப் பத்துப் பத்துகள் இருத்தல் வேண்டும். முதற்பத்தும் இறுதிப்பத்தும் அவர்க்குக் கிடைக்கவில்லை. இன்றுவரை எவர்க்குமே முழுமையாகக் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்துக்குத் தோரணம் கட்டிய வீடு ஒன்று எங்கேனும் இருந்திருக்குமாயின்! கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் உண்டு என்று கேட்டு ஐயரவர்கள் ஓடிச் சென்றபோது, பயன்படாத ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று அங்குள்ளோர் கூறினர். அவர்களும் ஏட்டைப் பகைத்தவர் அல்லர். முறைப்படி, மரியாதையோடுதான் எரித்தனர். படிப்பதை நிறுத்திய ஏட்டுக்கு மரியாதை அவ்வாறுதான் வந்து முடிகின்றது.

ஐயரவர்களின் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினோம், மனம் ஒப்பவில்லை. 1880இல் தொடங்கிய சிந்தாமணி 1887இல் அச்சாகி வெளிவந்தது. ஏழு ஆண்டுகள். அவ்வேழு ஆண்டும் கல்லூரியில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே செய்தார் என்பதை மறவாதிருங்கள். பகலில் பாடம், மாலையிலும் இரவிலும் ஏடு. மாணவர் ஒருவர் ஒரு பிரதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மற்றப் பிரதிகளை நோக்கி வேறுபாடுகளைச் சொல்ல, ஐயரவர்கள் குறித்துக்கொள்வார். மேற்கோள் வந்தால் அது எந்த நூலினது என்று ஒரு தனிக் குறிப்பு. அருஞ்சொல் வந்தால் அதற்கொரு குறிப்பு. இக்குறிப்புகளில் தனித்தனியே பார்த்தால் பெருமை எதுவும் இல்லை. மளிகைக் கடைக் கணக்கு எழுதுவதைப் போன்ற வேலை. ஆனால் அவைதாம் அடுத்தடுத்த நூல்களுக்கு வழிகாட்டின. தமக்கு வந்த கடிதங்களையும் அவர் வீசியெறிந்ததில்லை, சேர்த்து வைத்தார்.

இடையே கலக்கமும் வந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து தமிழகத்தில் பதிப்புப் பணி புரிந்துவந்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், வீரசோழியம் முதலியவற்றைப் பதிப்பித்த பேரறிஞர், சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பி ஐயரவர்களின் பிரதியைக் கேட்டார். கொடுத்திருந்தால் தொல்லை தீர்ந்திருக்கும். பொருளுதவி இல்லை, அச்சு வேலையில் முன்பழக்கமும் இல்லை. ஆயினும் தாம் தொடங்கியதைத் தாமே முடிப்பது என்று உறுதிகொண்டு, முன்கூட்டியே கையொப்பம் சேர்த்து, விடுமுறை தோறும் சென்னைக்குச் சென்று அச்சுப்படி திருத்தினார். தாமோதரம் பிள்ளையவர்கள்மேல் இதனால் குறை ஒன்றும் இல்லை. அவரும் தனியே நின்று உழைத்தவர்தாம். கலித்தொகை அதே 1887இல் அவர் கையால் வெளிவந்தது.

சிந்தாமணி வெளிவந்தவுடன் ஐயரவர்கள் ஓய்ந்தாரா? 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வேலை தொடர்ந்தது. பத்துப்பாட்டிலே குறிஞ்சிப்பாட்டு, கபிலர் பூக்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பாட்டு. கிடைத்த ஏடுகளில் அப்பூக்களில் சில உதிர்ந்து போயிருந்தன. விட்டுவிட்டு அச்சிட்டிருந்தால் கேட்பார் யாருமில்லை. தருமபுர ஆதீனத்து ஏட்டுக் கட்டுகளைக் கிளறி, உதிர்ந்த பூக்களைக் கண்டெடுத்த பின்னர்தான் அவர் மனம் ஆறிற்று. குறுந்தொகை 1937இல் வெளிவந்தது. அப்போது அகவை எண்பத்திரண்டு. முன்சீப் வீட்டு வாயிலை மிதித்த நாளிலிருந்து எண்ணினால் ஐம்பத்தேழு ஆண்டுகள்.

அதற்குப் பின்னும் ஒரு வேலை. 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தம் வரலாற்றை எழுதினார். எண்பத்தைந்து வயதினர், வாரம் ஓர் அத்தியாயம், 1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் அவர் உயிர் நீங்கும் காலம் வரை. 122 அத்தியாயங்கள் வந்தன. வரலாறு 1900ஆம் ஆண்டைக்கூட எட்டவில்லை. நடு வழியில் நிற்கின்றது. அப்படி நின்றுவிட்டதனால் அது குறையுடைய நூல் என்று எவரும் சொல்வதில்லை என்பதையும் பார்க்கிறோம்.

நிற்க. ஐயரவர்களைப் போல நாமும் ஆகலாம் என்று சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. ஆக முடியாது, அதில் வெட்கமும் இல்லை. சந்திரநாத செட்டியார் ஆகலாம் என்பதே எம் கருத்து. தோரணம் கட்டிய அந்த வீடாக நம் வீடு ஆகலாம்.

இக்காலத்து அறிவியல் இதுபற்றி என்ன சொல்கின்றது என்று கேட்கும் இளைஞர்க்காக ஒன்று கூறுவோம். இலண்டன் பல்கலைக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 96 பேர், ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு சிறு செயலை, நாள்தோறும் நடக்கும் ஒரு நிகழ்ச்சியோடு, எடுத்துக்காட்டாகக் காலையுணவோடு, இணைத்துப் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்தனர். அச்செயல் நினைக்காமலே தானாக நடக்கும் வழக்கமாவதற்கு 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுத்தரமாக 66 நாள் என்றும் கணக்கிட்டனர். எளிய செயல் விரைவில் படிகின்றது. கடினமானது நாள் பிடிக்கின்றது. இன்னொன்றும் கண்டனர். இடையே ஒரு நாள் தவறிப்போவதனால் பெருங்கேடு ஒன்றும் விளையவில்லை. எமக்கு ஆறுதல் தந்தது இதுதான். நேற்றுத் தவறிவிட்டது, இனிப் போகட்டும் என்று நாம் கைவிட்ட காரியங்கள் எத்தனை! நேற்றுத் தவறியது கேடன்று. போகட்டும் என்றதே கேடு.

இவ்வாய்வின் ஒளியில் எம் ஞாயிறு வகுப்பை நோக்கினால் பிழை எங்கே என்பது புலப்படும். ஞாயிற்றுக்கிழமை என்பது நாட்காட்டியில் உள்ள ஒரு கட்டம். அன்று ஊரிலிருந்து உறவினர் வருவர், திருமணம் வரும், மழை வரும், மட்டைப் பந்தாட்டம் வரும். ஆண்டிற்கு ஐம்பத்திரண்டு ஞாயிறும் தவறாமல் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஐம்பத்திரண்டு மணி நேரமே. வீட்டிலே நாளொன்றுக்குக் கால் மணி என்றால் ஆண்டிற்குத் தொண்ணூற்றொரு மணி நேரம் ஆகின்றது. கணக்கு ஒரு புறம் இருக்க, வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர், தமிழ்ப் பொறுப்பையும் கூடவே அனுப்பிவிடுகின்றனர். பாய் விரித்தவர் பாடு என்று இருந்துவிடுகின்றனர். யாம் அறிந்தே சொல்கின்றோம். பாய் விரித்த வீட்டிலேயே அது நிகழ்ந்தது.

ஆகவே இவ்வாண்டு ஞாயிறு வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அடித்தளமாக மற்றொன்றைச் செய்ய நிருவாகக் குழு இசைந்துள்ளது. மாலையில் விளக்கு வைக்காத வீடு நம் காலனியில் இல்லை. பூசைக்கு விளக்கு ஏற்றும் வீடாயினும், மின்விளக்குப் பொத்தானை மட்டும் அழுத்தும் வீடாயினும், தொழுகைக்கோ செபத்திற்கோ கூடும் வீடாயினும், இருள் வந்தவுடன் செய்யும் ஒரு காரியம் உண்டு. அதனையொட்டி ஒரு பக்கம் தமிழ்; வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பிள்ளை படிக்கட்டும். அது எழுத்துக் கூட்டுமுன் பெரியவர் படிக்கட்டும். தாயார் காய் நறுக்கிக்கொண்டே கேட்கட்டும். தந்தை இரவு ஷிப்டுக்குச் சென்றிருந்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டா. திரும்பி வந்தவுடன் முந்தைய பக்கத்தின் கதையைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளட்டும். பெற்றோரில் சிலர் தமக்கே தமிழ் எழுத்துத் தெரியாது என்று நாணத்தோடு எம்மிடம் சொன்னார்கள். அந்தச் சமண வீட்டிலும் எல்லாரும் ஏட்டைக் கையில் பிடித்துப் படித்தவர் அல்லர். கேட்டவர்களும் சிந்தாமணியைக் காத்தவர்களே.

ஒரு நாள் தவறினால் எவரும் எவரையும் கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் தொடர்ந்து தவறினால் அடுத்த வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டுவது குற்றம் சாட்டுவதற்கு அன்று. அன்றைப் பக்கத்தைத் தாமே உடனிருந்து படிப்பதற்கு. எந்த வீட்டுக்கு எந்த வீடு துணை என்னும் பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. பரிசு ஒன்றும் வைக்கவில்லை. பரிசு வைத்தால் பரிசு கிடைத்த அன்றே படிப்பும் முடிந்துவிடுகின்றது என்பதைக் கடந்த ஆண்டுகளின் ஒப்பித்தல் போட்டிகளில் கண்டோம்.

வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஏழரை மணிக்கு ஒரு வீட்டில் எல்லாரும் கூடுவோம். அங்கே படிப்பதற்கு ‘என் சரித்திரம்’ என்று முடிவு செய்திருக்கின்றோம். வாரம் ஓர் அத்தியாயமாக எழுதப்பட்ட நூலை வாரம் ஓர் அத்தியாயமாகவே படிப்பது பொருத்தம் அன்றோ? 122 அத்தியாயங்கள், இரண்டாண்டும் நான்கு மாதமும் ஆகும். விட்டுப்போகும் வாரங்களைச் சேர்த்தால் மூன்றாண்டு என்றே வைத்துக்கொள்வோம். முடிக்கும் நாளில் அந்த வாரம் எவர் வீட்டு முறையோ அவர் வாயிலில் மாக்கோலமும் தோரணமும் கட்டாயம். அன்றைக்கு வேலை மாற்றலாகி நம்மில் சிலர் வேறு ஊரில் இருக்கக்கூடும். எங்கிருந்தாலும் வந்து சேர வேண்டும்.

எம் மகளைப் பற்றிக் கேட்க விரும்புவீர்கள். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் அழைக்கின்றாள். ஐந்து சொற்கள் எழுதி அதன் படத்தை முன்னரே அனுப்பிவிடுகின்றாள். ணகரமும் னகரமும் இன்னும் குழப்புகின்றன. ழகரத்தின் சுழி எந்தப் பக்கம் என்று நேற்றும் கேட்டாள். இடையில் ஒன்பது நாள் தொடர்ந்து அழைக்கவில்லை. பத்தாம் நாள் அழைத்தாள். அன்னையாரின் கடிதத்தை அவளுக்கு அனுப்பவில்லை. பெட்டியில் அதே இடத்தில் வைத்திருக்கின்றோம். அவளே எடுத்து, அவளே அந்த வரிக்கு வந்து சேரட்டும்.

முதற் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் உள்ள எம் இல்லத்தில். நூல் பிரதிகள் நான்கே இருப்பதால் சேர்ந்து அமர்ந்து படிக்க வேண்டியிருக்கும். பாய் மட்டும் அவரவர் கொண்டு வருமாறு வேண்டுகின்றோம்.